இல்லாத தலைவலி

மூன்றாம் வீட்டு அக்கா ஒரு நாள் கிண்ணத்தில் சுக்குப் பற்று குழைத்து எடுத்து வந்தார். சூடு ஆறுவதற்குள் நெற்றியில் போட்டாக வேண்டும் என்றார். எனக்குத் தலைவலியே இல்லை. ஆனாலும் மாமியார் கண்ணைக் காட்டியதால், முதலியார்பேட்டை வீட்டுக் கூடத்தில் நெற்றி எரிய எரிய அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தலைவலியைக் கண்டுபிடித்தவர் மாமியார்தான். கல்யாணத்துக்கு முன் என் கதைகள் இரண்டு பத்திரிகையில் வந்திருந்தன. மகள் பிறந்தபின், மதியம் அவள் தூங்கும் நேரம்தான் எழுதக் கிடைத்தது. தெருப்பெண்கள் பேச வருவதும் அப்போதுதான். மருமகள் எழுதுகிறாள் என்றால், "என்னா பரீட்சை?" என்று உள்ளே வந்து எட்டிப் பார்ப்பார்கள். தலைவலி என்றால் வாசலோடு போய்விடுவார்கள். அதனால் மாமியார் தினமும், "அதுக்குத் தலைவலி, படுத்துக்கினு இருக்குது" என்று சொல்லி அனுப்பினார். மெல்ல மெல்லத் தெரு முழுவதும் நான் நோயாளியானேன். ஒருவர் கண்ணாடி போடச் சொன்னார், ஒருவர் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். செய்தி எட்டி, என் அம்மா போனில் அழுதார்.

இத்தனை பொய்க்கும் பலன் இருந்ததா என்றால், இல்லை. அனுப்பிய ஐந்து கதைகளில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மாமியார் கருவடிக்குப்பத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்த மதியம், ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். மகள் விழித்தது எனக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து விழுந்தாள். புருவத்துக்கு மேல் இரண்டு தையல். நோட்டுப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டேன். ஒரு தாய்க்கு இது தேவைதானா என்ற கேள்விக்கு, அத்துடன் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு வாரம் நோட்டு பரணிலேயே கிடந்தது. பிறகு ஒரு மதியம் மூன்றாம் வீட்டு அக்கா வந்தார். கதவைத் திறக்க நான் எழுந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்தபடி மாமியார் என்னை முந்திக்கொண்டு போனார்.

"இன்னைக்கும் தலைவலியா அத்த?"

"தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கதை எழுதுது. நாந்தான் இத்தினி நாளா பொய் சொன்னேன். நாலு மணிக்கு மேல வா."

"அடிப்பாவி அத்த! தெருவையே ஏமாத்தினியே!" என்று சிரித்த அக்கா, போகும்போது என்னைப் பார்த்து, "கதையில நான் இருக்கனா?" என்றார்.

மாமியார் கதவைச் சாத்தினார். "உன் வூட்டுக்காரன் தாடையில தழும்பு இருக்கே, பாத்திருக்கியா? நான் மில்லுல ஷிப்டுல இருக்கும்போது வுழுந்தான். அழுதேன். மறுநாளும் வேலைக்குப் போனேன். நோட்ட எடு, போ."

அந்தத் தழும்பைப் பற்றி அதுவரை நான் கேட்டதே இல்லை.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். அவள் புருவத்தைப் பார்க்கும்போதெல்லாம், செய்தது சரிதானா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தெருவில் தன் பேச்சுக்கு இருந்த மதிப்பை எனக்காக விட்டுக்கொடுத்தவரையும் கூடவே நினைத்துக்கொள்கிறேன்.

அன்று நாலு மணி வரை அவர் குழந்தையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் எழுதியது நான்கு வரிகள். இரண்டை அடித்துவிட்டேன். இந்த ஆண்டு அச்சில் வந்த கதை, மிஞ்சிய அந்த இரண்டு வரிகளில்தான் தொடங்குகிறது.