மூன்றரை அடிச் சாய்ப்பு

1946 ஜூன் 17, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. மேல்காற்று பலமாக அடித்தது. தேரி மணல்மேட்டிலிருந்து பறந்து வந்த செம்மணலால் கண்ணாடியை இரண்டு தடவை கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் பள்ளிக்கூடக் கதவில் பூட்டுத்தான் தெரிந்தது.

நான் அப்போது ஜில்லா போர்டு பள்ளிகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருந்தேன். எங்கள் சரகம் சின்னது. ஏரலுக்குத் தெற்கே தொடங்கிக் கடற்கரை வரை நாற்பத்தொரு பள்ளிகள்; அவற்றில் இருபத்தாறு ஓராசிரியர் பள்ளிகள். வள்ளங்கள் கரை பிடிக்கும் நேரத்தில் கடலோரத்து வகுப்புகள் காலியாகும். பதனீர் இறக்கும் மாதங்களில் உள்நாட்டு ஊர்களே காலியாகும். இந்தப் பள்ளியில் போன வருஷமும் பூட்டைத்தான் பார்த்ததாக எனக்கு முன்னிருந்தவர் எழுதி வைத்திருந்தார். இந்தத் தடவை இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அடுத்த பள்ளி நாலரை மைல் தள்ளி இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை நடக்கிற தூரமல்ல.

எதிர்க்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் பனைக்குப் போயிருக்குய்யா."

"பிள்ளைகள் போயிருக்கிறார்களா?"

"பிள்ளையளும் போயிருக்கு, டீச்சரும் போயிருக்காவ, கரும்பலகையும் போயிருக்கு. நான் ஒருத்தன்தான் இங்கன கெடக்கேன், ஈ ஓட்டிக்கிட்டு."

தேரிக்குள் சைக்கிள் ஓடாது. இரண்டு மைல் உருட்டினேன். சங்கிலிக்குள் மணல் புகுந்து நறநறவென்றது. புதுச் சங்கிலி, எனக்கு அதே கவலை.

பனங்கூட்டத்துக்கு நடுவே ஓலை விடிலி ஒன்று தெரிந்தது. பதனீர் காலத்தில் பனைக்குப் போகிற குடும்பங்கள் தங்கிக் கருப்பட்டி காய்ச்சும் குடிசை அது. இரண்டு குடும்பங்கள் அதைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெளியே அடுப்பு மூட்டி, அணைந்து அணைந்து போகிற தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. உள்ளே பள்ளியின் ஒரே ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நாசரேத்தில் பயிற்சி பெற்றவர், முப்பது வயதிருக்கும். ஊர் பனைக்குப் போனால் பள்ளியும் போக வேண்டியதுதான் என்று அந்த வருஷம் அவரே முடிவு செய்து, கரும்பலகையை மாட்டுவண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்.

எண்ணினேன். இருபத்தேழு பிள்ளைகள். ஆனால் அதில் ஏழு பேர் இடமில்லாமல் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். விடிலி பதினாறடி நீளம், பத்தடி அகலம்.

"கூரைக்குக் கீழே இருக்கிறவர்களைத்தான் நான் கணக்கில் எடுக்கலாம், அம்மா. ஆளுக்கு எட்டுச் சதுர அடி வேண்டும். இது நூற்று அறுபது. இருபது பேருக்குத்தான் காணும்" என்றேன்.

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"மூணாம் வகுப்பு. ஏழு பேருக்கு எத்தனை சதுர அடி வேணும்?"

"அம்பத்தாறு!"

"நாலாம் வகுப்பு. கூரையை ஒட்டிப் பதினாறடி நீளத்துக்குச் சாய்ப்பு இறக்கினா, அகலம் எவ்வளவு இருக்கணும்?"

சிறிது நேரம் மணலில் விரல்கள் ஓடின. பிறகு நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன: "மூணரை அடி, டீச்சர்!"

என் உத்தியோக காலத்தில் அதைவிட நல்ல கணக்குத் தேர்வை நான் நடத்தியதில்லை. அதையும் நான் நடத்தவில்லை.

அவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார். பனைகளிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். விறகுக்கு அடுக்கியிருந்த காய்ந்த ஓலையும் மட்டையும் வந்தன. ஒருவர் கம்பு நட, ஒருவர் நாரால் கட்ட, என் நாடாவை ஒரு பெண் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, இழுத்துக் கட்டு. காத்துல பறந்து போனா பள்ளிக்கூடத்தையும் தூக்கிட்டுப் போயிரும்."

"அய்யா, மூணரைக்கு நாலாப் போட்டா குத்தமாயிருமா?" என்று கூரைமேல் இருந்தவர் என்னைக் கேட்டார்.

"கூட இருந்தால் குற்றமில்லை. குறையத்தான் கூடாது."

"அப்ப எங்க வீட்டுக் கருப்பட்டியையும் நீங்களே நிறுத்துத் தந்துருங்க. யாவாரி குறைச்சுத்தான் போடுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அடுப்படியில் இருந்த அம்மாள் பனையோலைப் பட்டையில் பதனீர் ஊற்றி நீட்டினார். பார்வையிட வந்த இடத்தில் குடிக்கலாமா என்று யோசித்தேன்.

"குடிங்கய்யா, பதனிக்கெல்லாம் ரசீது கெடையாது."

குடித்தேன். நாற்பது நிமிடத்தில் சாய்ப்பு எழும்பிவிட்டது. மூன்றரைக்கு அரை விரல்கூடக் குறையவில்லை. ஏழு பிள்ளைகளும் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் மணலைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். ‘கூரை 216 சதுர அடி, ஆஜர் 27’ என்று அவர் பார்க்கவே எழுதிக் கையெழுத்திட்டேன். அப்போதுதான் ஒரு கணம் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

பள்ளி மூடப்படவில்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் அது பங்குனியில் பனைக்குப் போய் ஆவணியில் ஊர் திரும்பியது.

பள்ளியின் விலாசம் ஊருக்குள் இருக்க, நீர் எதற்குத் தேரிக்குப் போனீர் என்று தணிக்கைக்காரர் என் பயணப் படியில் இரண்டு ரூபாய் பத்தணாவை வெட்டினார். சைக்கிள் சங்கிலி போயே போய்விட்டது. புதியது நாலு ரூபாய் எட்டணா. மணல் ஏறிய சக்கரங்களைப் பிரித்துக் குண்டு மாற்ற ஒரு ரூபாய் ஆறணா. ஆக மொத்தம் எட்டு ரூபாய் எட்டணா. இருபத்தேழு பிள்ளைகளுக்கு வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஐந்தணா; ஓரணா மிஞ்சும்.