பத்தாவது மீன்

நான் மீன் குடுக்கிற வீட்டு அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு வந்தவங்க: பம்பாயிலிருந்து வந்த அவங்க அண்ணன் மகன். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். வீட்டுவேலை செய்த பொண்ணு. குழி வெட்டின ஆள். மீன் கூடையோட நான்.

அம்மா யூதர். ஜெபத்துக்குப் பத்து யூத ஆம்பிளைங்க வேணுமாம். சென்னையில அத்தனை பேருக்கு எங்கே போறது? அண்ணன் மகன் ஒருத்தரே தெரிஞ்சதை முணுமுணுத்தார். வெள்ளிக்கிழமை. பொழுது சாஞ்சா அவங்க ஓய்வுநாளாம், அதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். அவங்களுக்குன்னு கொண்டுபோன மீன் கூடையிலேயே கெட்டுச்சு.

முடிஞ்சதும் அவர் ஒரு தகர உண்டியலை நீட்டினார்.

"அத்தை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

ஆட்டிப் பார்த்தேன். காலி. வெள்ளிக்கிழமை விளக்கேத்தறதுக்கு முன்னாடி அம்மா அதுல காசு போடுவாங்க. நிறைஞ்சா யாருக்காவது போயிடும். யாருக்குன்னு சொல்லமாட்டாங்க. எனக்கு வேணாம்னுதான் இருந்துச்சு. முட்டி வலியோட இதையும் சுமக்கணுமா? இருந்தாலும் வாங்கிக் கூடையில போட்டுக்கிட்டேன்.

என் வீட்டுக்காரர் முகத்துவாரத்துல படகு கவிழ்ந்து போனவர். எங்க ஊர்ல ஏரியில வலை போடச் சீட்டுக் குலுக்கி முறை வெப்பாங்க. முறை ஆம்பிளைங்களுக்குத்தான். எனக்கு ஒண்ணுமில்லை. அப்போ தராசு, ஐஸ் பெட்டி, ஏலத்துல மீன் எடுக்க முதல், எல்லாம் அம்மா குடுத்தாங்க. திருப்பிக் கேக்கலை.

அந்தச் சந்தோசத்துல கொழுத்த நண்டாப் பொறுக்கி எடுத்துட்டுப் போனேன். எங்க ஏரியில அதைவிட உசத்தி இல்லை. அம்மா எட்ட நின்னு பார்த்தாங்க.

"செதில் எங்கேடி?"

"நண்டுக்கு ஏதும்மா செதிலு?"

"அப்ப எனக்கு ஆகாது. கீழ்வீட்ல குடு, வாழ்த்துவாங்க."

செதிலும் துடுப்பும் இருந்தாத்தான் அவங்க தின்னலாமாம். இறாலும் ஆகாது. பழவேற்காட்டுக்காரிகிட்ட வந்து இதைச் சொன்னா எப்படி? அப்புறம் உண்டியலைக் காட்டி, "நீயும் போடு"ன்னாங்க.

"நீங்க குடுத்ததுல இருந்தா?"

"வாங்கறவளும் குடுக்கணும். பத்துல ஒண்ணு. எங்க வழக்கம்."

"நல்லாருக்கும்மா. மீனுக்குச் செதிலு வேணும், உண்டியலுக்கு என் காசு வேணும்."

சிரிச்சுட்டாங்க.

"காசு இல்லேன்னா மீன் குடு. உங்க ஊர்லயே குடு. யார் குடுத்ததுன்னு தெரியக்கூடாது."

அன்னிலேர்ந்து பத்தாவது மீன் என்னுது இல்லை. ஒவ்வொரு காலத்துல ஒவ்வொரு வீடு. இப்ப ரெண்டு வருசமா தெருக்கோடியில ஒரு பொண்ணு. புருசன் இல்லை, ரெண்டு குழந்தைங்க. விடியக்காலையில அவ வாசல்ல இருக்கிற சட்டிக்கு அடியில மீனை வெச்சுட்டு வந்துடுவேன். கவுத்து வெச்சாத்தான் பூனை தொடாது.

ஒருநாள் தண்ணிக் குழாய்கிட்ட அவளே சொன்னா.

"எவனோ என்மேல ஆசைப்பட்டு மீன் வெச்சுட்டுப் போறான், அக்கா. மூஞ்சியைத்தான் காட்ட மாட்டேங்கறான்."

"கிழவனா இருப்பான்"னேன்.

அடக்கத்துக்கு மறுநாள் காலையில ஏலத்துக்குப் போனேன். ஏரியில தண்ணி இல்லை, மீனும் இல்லை. என் பங்குக்குக் கிடைச்சது ஒம்போது மடவை மீன். பத்து இல்லேன்னா பத்தாவதும் இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு. கேக்கறதுக்கு அம்மாவும் இல்லை.

பஸ்ஸுக்கு அவ வீட்டு வழியாத்தான் போகணும். சட்டியைக் கழுவி வாசல்ல கவுத்து வெச்சிருந்தா. உள்ளே சின்னது அழுதுட்டு இருந்துச்சு. அடுப்புப் புகை இல்லை.

தாண்டிப் போயிட்டேன். அப்புறம் திரும்பி வந்து கூடையை இறக்கினேன். குனிஞ்சப்ப முட்டி பிடிச்சுக்கிச்சு. சுவத்தைப் பிடிச்சுத்தான் எழுந்தேன்.

பொன்னேரி பஸ்ஸுல பக்கத்துக் கூடைக்காரி எட்டிப் பார்த்தா.

"இன்னா அக்கா, இன்னிக்கு எத்தினி?"

"எட்டு."