திருச்சிக்குப் போன கைப்பிடி அரிசி

திருப்பூரில் அப்போது லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்களின் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காக நாங்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. எங்கள் கோயிலுக்கு ஓடு போட்ட காசு, முகம் தெரியாத எந்தெந்த ஊர்ச் சபைகளோ திருச்சித் தலைமைச் சபைக்கு அனுப்பி, அங்கிருந்து எங்களுக்கு வந்தது. அதனால் நாங்களும் மாசம் தவறாமல் திருச்சிக்கு அனுப்பினோம். எங்கள் காசில் எந்த ஊர்க் கோயிலுக்கு ஓடு ஏறியதோ, எந்த உபதேசியார் வீட்டில் அடுப்பு எரிந்ததோ, யார் கண்டது.

கையில் காசு இல்லாத வீடும் கொடுக்க வேண்டுமே. அதற்குத்தான் கைப்பிடி அரிசி. உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்து, அதற்கென்று இருக்கிற மண்கலயத்தில் போட்டுவிட வேண்டும். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கலயத்தைத் துணியால் வாய்கட்டிக் கோயிலுக்குத் தூக்கிப் போவோம். பீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய அண்டா. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணாகப் போய்க் கொட்டுவாள். அதை விற்று மணியார்டர் அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, நூல் கிடைக்கவில்லை என்று அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் சபையில் நாலு வீட்டு ஆம்பளைகள் அங்கேதான் வேலை செய்தார்கள். அப்பாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு காதர்பேட்டைக்குப் போவார், பூட்டைப் பார்ப்பார், வருவார். சட்டையைக் கழற்றுவார். யாராவது ஏதாவது சொன்னால் மறுபடியும் மாட்டிக்கொண்டு போவார். "நாளைக்குத் தெறந்துருவாங்களாமா" என்பார். அந்த நாளை வரவே இல்லை. அவர் அலைவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று.

அம்மா களை எடுக்கக் காட்டு வேலைக்குப் போனாள். அடுப்பு என்னிடம் வந்தது, பள்ளிக்கூடம் என்னை விட்டுப் போனது. முதல் நாள் அம்மா கலயத்தைக் காட்டி, "தெனமும் உன் கைக்கு ஒரு புடி எடுத்துப் போடு கண்ணு. அது போதும்" என்றாள்.

எனக்கு அது போதவில்லை. போன மாசம் எங்கள் கலயம் பாதிகூட இல்லை. அம்மா கொட்டியபோது, சபைக்குப் பெரியவரான மூப்பரின் மகள், "பொசுக்குனு தீந்துருச்சு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. நான் இரண்டு கையும் சேர்த்து அள்ளிப் போட்டேன். சில நாள் அதற்கு மேலும் ஒரு பிடி. சோறு கஞ்சியானது, கஞ்சி தண்ணியானது. பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவோடு பிறந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனாத்தா, அரிசி எந்தப் பக்கம் இருக்குதுன்னு கூப்புட்டுப் பாக்கோணுமாட்ட இருக்குது" என்று கேலி செய்தார். தம்பி வட்டிலை நக்கிவிட்டு அழுவான். அரிசிப் பானையில் கையைவிட்டுப் பார்த்த அம்மா, ரேஷன் கடைக்காரன் எடையில் அடித்துவிட்டான் என்று அவனைத் திட்டித் தீர்த்தாள். நானும் சேர்ந்து திட்டினேன். வயிறு எனக்கும்தான் எரிந்தது. ஆனால் கலயம் ஏறுவதைத் தடவித் தடவிப் பார்த்தால் பசி பாதி போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கலயத்தை நானே இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். அம்மாவைத் தூக்கவே விடவில்லை. ஆராதனை முடிந்ததும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஐயர், குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், எழுந்து நின்றார். கம்பெனி பூட்டியதால் சில குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன, இந்த மாச அரிசியைத் திருச்சிக்கு அனுப்பாமல் அவர்களுக்கே பங்கு போட்டுக் கொடுக்கலாமா, தலைமைச் சபைக்கு நான் எழுதிக்கொள்கிறேன், சபையார் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஐயோ பாவம், யார் வீடோ என்று நினைத்தேன்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கொட்டினார்கள். எங்கள் முறை வந்தது. துணியை அவிழ்த்துக் கலயத்தைக் கவிழ்த்தேன். அரிசி சரசரவென்று விழுந்துகொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். மூப்பர் மகளை நான் ஒரு பார்வை பார்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. கம்பெனி பூட்டுனவங்க ஊட்டுலயிருந்தே இத்தனை வருதுன்னா, பங்கு போடோணும்னு அவசியம் இல்லீங்களே."

ஐயர் அம்மாவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "திருச்சிக்கே அனுப்பிச்சுருங்க ஐயா. அடுத்த மாசம் இன்னும் நெறையாக் கொண்டாறனுங்க!"

கோயிலே சிரித்தது. ஐயர் சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பளைகள் பக்கம் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

"புள்ளை சொல்றதுதானுங்க" என்றாள் அம்மா. தலை நிமிர்ந்துதான் சொன்னாள். கம்பெனி பூட்டிய மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் பின் ஒருத்தராக, "அனுப்பிச்சுருங்க, அனுப்பிச்சுருங்க" என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்.

வீட்டுக்கு அம்மா வேகவேகமாக நடந்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அத்தையிடமாவது என்னைப் பற்றிச் சொல்வாள் என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அடுப்பில் உலைத்தண்ணி கொதித்தது. அரிசிப் பானையில் அம்மாவின் கை அடியைத் தொட்டுவிட்டு வந்தது. பிறகு காலிக் கலயத்தை எடுத்து உள்ளங்கையில் தட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்த அஞ்சாறு அரிசி விழுந்தது. அதை உலைக்குக் கொண்டுபோனாள்.

"அது கோயில் அரிசி! அதைப் போயி எடுக்கறயே!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமா கண்ணு, மறந்துட்டேன்" என்று சொல்லி, அந்த அஞ்சாறு மணியையும் ஒவ்வொன்றாகக் கலயத்திலேயே திருப்பிப் போட்டாள்.

சரியான நேரத்தில் பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நான் விளையாட ஓடினேன்.