இருபதாவது பெயர்

1. கவுன்ட்டர்

என் மகள் நிவேதா வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றாள். நான் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே அவள் பி.காம். கடைசி வருடம். கல்லூரிக்குள் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் வருடமே பேசி வைத்திருந்தோம். ஒரு நாளும் தவறியதில்லை.

"மேடம், நான் சேராத கோர்ஸ் ஒண்ணு என் மார்க் ஷீட்ல இருக்கு. மாடித் தோட்டம்னு போட்டிருக்கு. ஆப்சென்ட். அரியர்."

இந்த மாதிரி புகாருக்கு என்னிடம் பதினெட்டு வருடமாக ஒரே பதில்தான் உண்டு. அது தானாகவே வாயில் வந்துவிட்டது.

"சர்குலர் படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம். நீங்க எழுதினதுதானே."

பின்னால் நின்ற பெண் சிரித்தாள். நிவேதா சிரிக்கவில்லை. அவள் கையில் இன்னொரு தாளும் இருந்தது. அம்பத்தூர் நிறுவனம் ஒன்று கொடுத்த வேலைக் கடிதம். அரியர் இல்லாத மார்க் ஷீட்டோடு இருபது நாளில் வந்து சேர வேண்டும் என்று அதில் இருந்தது. அதை நான் வீட்டில் நாலைந்து முறை படித்திருக்கிறேன்.

அவளை மாடித் தோட்டத்தில் சேர்த்தது நான்.

2. நிரப்பு நம்பர்

செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை விளக்கமாக எழுதுகிறேன். டிகிரி முடிக்க எல்லா மாணவர்களும் முப்பது மணி நேரக் குறும்பாடம் ஒன்று எடுக்க வேண்டும். விருப்பப்பட்டால் இரண்டு எடுக்கலாம். பட்டியலில் டேலி கணக்கு, சைகை மொழி, போட்டோ எடிட்டிங், மாடித் தோட்டம் என்று பன்னிரண்டு இருக்கும். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் கேட்கலாம்.

"மச்சி, எதுல அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க?"

"எல்லாத்துலயும் எடுப்பாங்க. எதுல பேன் நல்லா ஓடும்னு கேளு."

நிவேதா சைகை மொழி என்றாள். நான் டேலி என்றேன்.

"சைகை மொழி படிச்சா யாரு வேலை கொடுப்பாங்க?"

"பட்டாபிராம் ஸ்டேஷன்ல தினம் பார்க்கிறேன்மா. காது கேக்காதவங்க நாலு பேரு. ரெண்டு பேரு இந்தப் பிளாட்பார்ம், ரெண்டு பேரு எதிர்ல. ரயில் போற சத்தத்துலயும் பேசிக்கிறாங்க. நம்மளால முடியுமா?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். என் கோர்ஸை நான் பார்த்துக்கிறேன். நீ பதியறதை மட்டும் பதி."

பதிந்தேன். அதில் பிரச்சினை இல்லை.

பிரச்சினை மாடித் தோட்டத்தில் வந்தது. இருபது பேர் சேர்ந்தால்தான் ஒரு கோர்ஸ் நடக்கும். அதில் பத்தொன்பது பேர். மற்ற கோர்ஸ்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. தாவரவியல் மேடம் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பத்தொன்பது பிள்ளைங்களை நான் எங்க அனுப்புவேன்? தொட்டிகூட வந்து இறங்கிடுச்சு. ஒரே ஒரு பேரு. பார்த்துப் பண்ணுங்க."

பார்த்துப் பண்ணுவது எங்கள் செக்‌ஷனில் பழைய வழக்கம். படிப்பை நிறுத்திவிட்டுப் போன யாராவது ஒருவரின் ரெஜிஸ்டர் நம்பரைப் போட்டு எண்ணிக்கையை நிரப்புவோம். கோர்ஸ் தொடங்கியதும், மூன்றாவது வாரம் பதிவு பூட்டப்படும் முன்பு, அதை எடுத்துவிடுவோம். இதற்கு நிரப்பு நம்பர் என்று பெயர். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் ஆன்லைன் பதிவுப் போர்ட்டல் புதிது. நின்றுபோனவர்களின் நம்பரை அது ஏற்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் நம்பர் வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான். அடித்தேன். இருபது என்று பச்சையில் வந்தது. தாவரவியல் மேடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் ஆய்வுக் குழு வந்தது. காலை முதல் மாலை வரை கோப்பு அடுக்கினோம். குழுவினர் எங்கள் கோப்புகளைப் பாராட்டினார்கள். பதிவு பூட்டிக்கொண்டது.

சனிக்கிழமைதோறும் வகுப்பில், முதல் வாரத்துப் பட்டியலை வைத்தே, நிவேதா பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது ஆபீஸ் போட்ட பேரு என்று தாவரவியல் மேடத்துக்குத் தெரியும். நான் எடுத்துவிட்டிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3. ஒரு கிளிக்

நிவேதாவை மதியம் வரச் சொல்லி அனுப்பினேன். ரப்பர் ஸ்டாம்பை இரண்டு முறை தலைகீழாகக் குத்தினேன். பக்கத்து மேஜை பாஸ்கர் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திருமழிசைக்காரன். அவன் சத்தத்தைக் குறைத்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது?"

சொன்னேன்.

"அட, இதுக்கா? கன்ட்ரோலர் சாப்பிடப் போய்க்கீறாரு. அவரு லாகின் தொறந்துதான் கீது. நீ போய் ஒரு கிளிக்கு தட்டு. நான் வாசல்ல நின்னுகினு இருக்கேன்."

போனேன். தேர்வுக் கன்ட்ரோலரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகளின் பெயருக்கு நேராக 'நீக்கு' என்று இருந்தது. அதைத் தொட்டேன்.

'இந்தப் பெயரை நீக்கினால் எண்ணிக்கை 19. குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாததால் இந்தக் கோர்ஸின் மதிப்பெண்கள் நிறுத்தி வைக்கப்படும். தொடரலாமா?'

நேர்மையால் எழுந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை பேருக்கு வேலைக் கடிதம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் மகளுக்கு வந்திருக்கிறதே என்றும் போட்டேன். அப்போது கன்ட்ரோலர் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

வாசலில் நின்ற பாஸ்கர், "சார், பேன்ல சத்தம் வர்துன்னு பாக்கச் சொன்னேன் சார்," என்றான்.

மின்விசிறி ஓடவில்லை.

4. விசாரணை

நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். கன்ட்ரோலர் நிதானமான மனிதர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூட்டின பிறகு பேரை எடுக்கக் கூடாதுங்கற விதியை யார் எழுதினது மேடம்?"

"நான்தான் சார்."

"நல்லா எழுதியிருக்கீங்க. ஓட்டையே இல்ல."

நிவேதாவையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு வழி சொன்னார். தனி அனுமதி வாங்கிப் பெயரை எடுத்தால் பத்தொன்பது பேரின் முடிவும் நிற்கும், தேர்வுக் குழு கூடி முடிவு செய்ய ஒரு மாதமாவது ஆகும். எடுக்காவிட்டால் அவள் துணைத் தேர்வு மாணவியாக முப்பது மணி நேரத்தையும் உட்கார்ந்து முடிக்க வேண்டும்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. அதனால நீங்கதான் சொல்லணும்," என்றார்.

நிவேதா என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எடுத்தா அந்தப் பத்தொன்பது பேரும் வேலைல சேர முடியாதா சார்?"

"மார்க் ஷீட் கேக்கிற இடத்துல சேர முடியாது."

"அப்ப நான் தோட்டம் போடறேன் சார்."

வெளியே வந்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்பர் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்?"

"நம்ம வீட்டு நம்பர்தானேன்னு..."

"அது என் நம்பர்."

பிறகு கைகளால் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது என்று விட்டுவிட்டேன்.

5. முப்பது மணி நேரம்

மே வெயிலில், காலை ஏழு முதல் பத்து வரை, கல்லூரி மொட்டை மாடியில் பத்து நாள் வகுப்பு. ஆசிரியை ஒருவர், மாணவி ஒருத்தி. தாவரவியல் மேடம் தினமும் பெயர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுத்தார். நிவேதா தினமும் 'ப்ரெசென்ட்' என்றாள். வெண்டை, தக்காளி, அரைக்கீரை. அவளுக்கு நாற்பத்தாறு மதிப்பெண். தேறுவதற்கு நாற்பது போதும்.

அந்தப் பத்து நாளும் அவள் வீட்டிலும் என்னை 'மேடம்' என்றே கூப்பிட்டாள். "மேடம், சாப்பாடு வைக்கவா?" "மேடம், கரண்ட் போயிடுச்சு." வேலையில் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு அலுவலகத்தில் ஒரு மெமோ கொடுத்தார்கள். அது பரவாயில்லை.

இப்போது செக்‌ஷனில் நிரப்பு நம்பர் கிடையாது. இந்த வருடம் போட்டோ எடிட்டிங்கில் பத்தொன்பது பேர். நான் பத்தொன்பது என்று எழுதி, கவுன்ட்டரை விட்டு எழுந்து, வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டேன். நான்காவது வகுப்பில் ஒருத்தி சம்மதித்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அந்த நாற்பது நிமிடம்தான்.

போன வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஒரு நோட்டோடு வந்தார். மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறார்களாம். "உங்க பொண்ணு இதைப் படிச்சவங்களாமே, பேரைப் போட்டுக்கட்டுமா?" என்றார். பேனாவைத் திறந்துவிட்டார்.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, அம்பத்தூரில் வேலையில் இருந்தவளுக்குப் போன் செய்தேன்.

"சங்கத்துல ஒரு நோட்டு கொண்டுவந்திருக்காங்க. உன் பேரைப் போடலாமான்னு கேக்கிறாங்க."

"எதுக்கு?"

"மாடித் தோட்டம்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றது.

"வேணாம்மா," என்றாள்.

செயலாளரிடம் பேனாவை மூடச் சொன்னேன்.