சொந்தக்காரருக்கு ஒரு விலை

அலுமாரியின் நடு லாச்சியைத் திறந்தால் இன்றைக்கும் வத்தகப்பழம் மணக்கிறது. நிஜமான வத்தகப்பழம், அதாவது தர்ப்பூசணி, அப்படி மணக்காது. கற்பிட்டி மணலில் விளைந்த பழத்தை வெட்டித் தின்று வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியும். இது பிள்ளைகள் சூப்பும் மலிவு இனிப்பின் மணம். விரல் நீளத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து வருகிறது. வேப் என்பார்கள், மின்சிகரெட். உள்ளே இருந்த சாறு தீர்ந்து மூன்று வருடமாகிறது, மின்கலமும் செத்துவிட்டது, மணம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில்கூட ஏறிவிட்டது. எறியாமல் வைத்திருப்பது ஆசையினால் அல்ல. என் நானாவை மன்னித்துவிடலாமோ என்று மனம் இளகுகிற நாட்களில் லாச்சியைத் திறந்து ஒருமுறை முகர்வேன். இளக்கம் போய்விடும்.

நானா என்றால் எங்களுக்கு அண்ணன். எனக்கு ஒரே ஒருவர்தான். கற்பிட்டிக் கடைத்தெருவில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தார். கண்டக்குழிப் பக்கம் பட்டம் கட்டிக் கடலில் பாய வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு, போன் உறைகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. அதற்குள் வேப்கள் கலர் கலராக வரிசையில் நின்றன. நானா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தவர் அல்ல, விற்றவரும் அல்ல. அதில் அவருக்குச் சொல்லமுடியாத பெருமை. 'இங்கு புகைத்தல் கூடாது' என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். கண்ணாடிப் பெட்டி சரியாக அதற்குக் கீழே இருந்தது. யாராவது வாய் திறந்தால் பதில் தயாராக இருக்கும். "இதில நெருப்பு இருக்கா? சாம்பல் இருக்கா? வெறும் ஆவி. இடியப்பம் அவிக்கிற நேரம் வாற ஆவி மாதிரி." இடியப்ப ஆவியை யாரும் எட்டாயிரம் ரூபாய்க்கு விற்பதில்லை என்று அவருக்குச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இருக்கவில்லை. பெட்டிக்குள் இருந்ததில் எது சுங்கம் பார்த்து வந்தது, எது யாருடைய பயணப் பையில் வந்தது என்று நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் குற்றம், அதை மறைக்கப் போவதில்லை.

பெட்டியில் விலை ஒட்டியிருக்காது. ஆள் உள்ளே வந்தால் நானா முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். வெயிலில் சிவந்து மணல் ஒட்டிய வெள்ளைக்கால் என்றால் ஒரு விலை. கொழும்பிலிருந்து வந்த வெள்ளைச் சப்பாத்து என்றால் இன்னொரு விலை. உப்பில் வெடித்த வெறுங்கால் என்றால், "சாமான் முடிஞ்சி தம்பி." காலைப் பார்த்து விலை சொல்லத் தெரியாதவன் கடை திறக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். இதையெல்லாம் ஒரு காலத்தில் நான் கெட்டித்தனம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அந்த நாட்களில் வேப்புக்கு எதிரான சட்டம் இறுகப் போகிறது என்று அடிக்கடி செய்தி வரும். செய்தி வந்த மறுநாள் காலையில் நானாவின் விலை ஏறும். பழைய விலைக்கு வாங்கிய அதே சாமான், மேலே அதே தூசு, ஒரே இரவில் ஆயிரம் ரூபாய் கூடிவிடும். "சட்டம் வந்தா உங்கட யாவாரம் படுத்துராதா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னைப் பாவம் பார்ப்பது போலப் பார்த்தார். "வந்தாலும் நல்லம், வராட்டியும் நல்லம் தங்கச்சி. வருது வருது எண்ட கதை இருந்தாப் போதும். சனம் பயந்துபோய் ரெண்டு ரெண்டா வாங்கும். அல்ஹம்துலில்லாஹ்." மழை வேண்டித் தொழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடை வரும் என்ற வதந்திக்கு நன்றி சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

என் கணவர் மரக்கறி லொறி ஓட்டியவர். கற்பிட்டித் தோட்டங்களில் விளைந்ததைத் தம்புள்ளைக்கு ஏற்றிப் போவார். தூக்கத்தை விரட்டப் பிடிக்கத் தொடங்கிய சிகரெட் அவரை விடவில்லை. இருமல் முற்றி, சிலாபம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சிகரெட்ட நிப்பாட்டுங்க. இல்லாட்டி லொறிய நிப்பாட்ட வேண்டி வரும்" என்றார். நிப்பாட்டச் சொன்னாரே தவிர, வேறொன்றுக்கு மாறச் சொல்லவில்லை. அந்த யோசனை நானாவுடையது. அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து, முதல் வேப்பை மச்சானின் கையில் அன்பளிப்பாக வைத்தார். எனக்குக் கண் கலங்கியது. தூண்டில்காரனும் இரையை இலவசமாகத்தான் போடுகிறான் என்று கடலோரத்தில் பிறந்த எனக்கே தோன்றவில்லை.

அது தீர்ந்ததும், இரண்டாவது வேப்புக்கு விலை வந்தது. "வெளியாளுக்கு ஒம்பது. ஒங்களுக்கெண்டதால எட்டு." அதை அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால், தன் வீட்டுக் கூரையைப் பிரித்து எங்களுக்குத் தருகிறார் என்று தோன்றும். வேப் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாலு மாதம் என் கணவர் சிகரெட்டைத் தொடவில்லை. இருமல் குறைந்தது. பிறகு சட்டம் வருகிறது என்ற கதை வந்தது, எட்டு ஒன்பதானது. மறுபடி வந்தது, பதினொன்றானது. ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் புகையிலைத் தூள் இருந்தது. அவர் மறைக்கவில்லை. "சிகரெட்ட ஒண்ணு ரெண்டா வாங்கலாம். ஒன்ட நானாட சாமான ஒண்ணு ரெண்டா வாங்கேலாதே" என்றார். நான் அழுதேன். அப்போதும் நானாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டத்தைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன்.

பிறகுதான் ஒன்லைனில் தேடினேன். ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற ஆசிரியை, வேப் தேடி விரலால் தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு முகவரி போட்ட ஒரு பக்கம் அகப்பட்டது. மேலே, தலைமயிரை நீலமாக்கிய ஒரு பெண் புகை விடுகிற படம். அதே நீலக் குழாய், அதே வத்தகப்பழம், ஐயாயிரம் ரூபாய். கூரியர் செலவும் அவர்களுடையது, சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். சிங்களத்தில் எழுதிக் கேட்டேன். உடனே சிங்களத்தில் பதில் வந்தது, 'நங்கி' என்று தங்கச்சி முறை வைத்து. சட்டம் இறுகப் போகிறது, இரண்டாக எடுத்து வையுங்கள் என்றும் எழுதியிருந்தது. அந்தப் புத்திமதி எங்கேயோ கேட்டது போல இருந்தது. வியாபாரிகள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் என்று விட்டுவிட்டேன்.

நானாவின் கடையைவிட்டு வேறிடத்தில் வாங்குகிறேன் என்று எனக்குக் கூச்சம். துரோகம் செய்வது போல இருந்தது. கற்பிட்டிக்குக் கூரியர் வந்தால் அவர் காதுக்குப் போய்விடும் என்று, சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரத்தில் இருக்கும் என் பழைய தோழியின் பெயரையும் முகவரியையும் கொடுத்தேன். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்தவள். அடுத்த கிளினிக் நாளில் கணவரை ஆஸ்பத்திரி வரிசையில் இருத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பார்சலைத் தந்துகொண்டே, "கொழும்புக் கடையிலயும் உங்கட ஆக்கள்தான் போல. நாங்க பிள்ளையார் சுழி போடுற மாதிரி நம்பர் போட்டிருக்கு" என்றாள்.

திருப்பிப் பார்த்தேன். பார்சலின் மூலையில், பச்சை மையில், 786, ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. எதைத் தொடங்கினாலும் பிஸ்மிக்குப் பதிலாகத் தாளின் தலையில் அந்த எண்ணை எழுதுவது எங்கள் ஆட்களில் பலருக்கு வழக்கம். எங்கள் வாப்பா பச்சை மையில்தான் எழுதுவார், ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். வாப்பாவுக்குப் பிறகு அப்படி எழுதுகிற ஒரேயொரு கை எனக்குத் தெரியும். ரசீதில், மருந்துத் துண்டில், என் கலியாணத்துக்குச் சாமான் வாங்கிய பட்டியலில் எல்லாம் பார்த்த கை. கொழும்பு முகவரி அழகாக அச்சாகியிருந்தது. கூரியர்க்காரரின் முத்திரையில் எங்கள் பக்கத்துப் புத்தளம் என்றிருந்தது. முகவரியை மாற்றத் தெரிந்தது, நீல மயிர்க்காரியின் படத்தைப் போடத் தெரிந்தது, சிங்களத்தில் நங்கி என்று கொஞ்சத் தெரிந்தது. கள்ளப் பெயரில் போகிற பார்சலுக்கு பிஸ்மி போடாமல் விட மட்டும் தெரியவில்லை.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நேரே நானாவின் கடைக்குப் போய், பார்சலை அவர் முன்னால் வைத்தேன். மறுப்பார், சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த மரியாதையைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. எண்ணைத் தடவிப் பார்த்தார். "பிஸ்மி போடாம ஒரு சாமானையும் அனுப்ப மனசு வருதில்ல தங்கச்சி. யாவாரத்தில பரக்கத் இல்லாமப் போயிரும்" என்றார். பொய்யில்லை, மனதாரச் சொன்னார்.

"வெளியாளுக்கு அஞ்சாயிரம். எங்களுக்குப் பதினொண்டா, நானா?"

"வெளியாளுக்குப் பத்துப் பக்கம் இருக்கு. ஐநூறு ரூபா கூடினா அடுத்த பக்கத்துக்குப் போயிருவான். அவனுக்குக் குறைச்சுத்தான் குடுக்கணும்." நான் விளங்காமல் நிற்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், பொறுமையாக மிச்சத்தையும் சொன்னார். "நீங்க எங்க போகப் போறீங்க? நீங்க ஏன்ட சொந்தக்காரர்தானே." பிறகு, பிளேன்டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். நானாவின் பார்சல்களைப் புத்தளம் கூரியர் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவருடைய லொறிதானாம். மச்சானுக்கு உதவி என்று வாரத்தில் இரண்டு நாள், இலவசமாக. ஒவ்வொரு பார்சலின் மேலேயும் வாங்குகிறவரிடம் அறவிட வேண்டிய காசு எழுதியிருந்திருக்கிறது. அதை வாசித்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, பதினோராயிரம் கொடுக்க வழியில்லாமல், வரும் வழியில் ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பிடித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "ஒனக்கு ஒரே ஒரு நானா. ஏன்ட இருமலுக்காக அதையும் இல்லாமலாக்கவா?" என்றார். அந்த ஒரு நாளில் அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. நல்ல மனிதர்களின் மௌனத்தில்தான் நானா மாதிரியான ஆட்கள் கடை போடுகிறார்கள்.

முன்னேஸ்வரத்திலிருந்து வந்த அந்த நீலக் குழாயை அவர் தீரும்வரை பாவித்தார். அதுதான் கடைசி, எந்தப் பெயரில் விற்றாலும் நானாவின் சாமான் வேண்டாம் என்றுவிட்டோம். அதற்குப் பிறகு சிகரெட்டிலேயே நின்றார், போன வருடம் பாலாவிச் சந்திக்குக் கிட்ட நெஞ்சு அடைத்து லொறியை ஓரங்கட்டும்வரை. டொக்டர் சொன்னது பலித்தது, லொறி நின்றுவிட்டது. இப்போது முற்றத்தைத் தாண்டிப் படலை வரைக்கும் நடந்தால் இடையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். சிலாபம் கிளினிக்கில் ஒரு பம்ப் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் நீலப் பிளாஸ்டிக், அதையும் வாயில் வைத்துத்தான் இழுக்க வேண்டும். காசில்லை, மாதா மாதம் இலவசமாகத் தருகிறார்கள். இரண்டும் ஒரே லாச்சியில்தான் கிடக்கின்றன.

நானா சுகமாக இருக்கிறார். பட்டணத்துக் கடைகளைச் சோதிக்கிறார்கள் என்ற கதை வந்த அன்றே கண்ணாடிப் பெட்டி காலியாகிவிட்டது. இப்போது அதே பெட்டியில் அத்தர் விற்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம், சட்டம் போட்டுச் சின்ன வியாபாரிகளின் வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்று புலம்புகிறாராம். போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மச்சானைச் சுகம் விசாரிக்க வந்தார். கையில் பிஸ்கட் சுற்றிய காகிதப் பொட்டலம், அதன் மூலையில் பச்சை மையில் 786. கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். மேசையில் கிடந்த பம்பை எடுத்தார், திருப்பினார், அடியில் இருந்த எழுத்தைக் கண்ணருகே வைத்து வாசித்தார்.

"இது வெளியில என்ன விலைக்குப் போகுது?"

என் கணவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. நான் நானாவின் கையிலிருந்து பம்பை வாங்கினேன்.

"ஆருக்கு விலை கேக்குறீங்க நானா? வெளியாளுக்கா, சொந்தக்காரருக்கா?"

அவர் பிஸ்கட் பொட்டலத்தை எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். என் கணவர் பம்பை இரண்டு தரம் இழுத்து, மூச்சு திரும்பும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி உள்ளே வைப்பதற்காக லாச்சியைத் திறந்தேன். அந்த மணம் மண்டபத்துக்குள் எழும்பியது. நானா மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார், முகம் மலர்ந்தது.

"வத்தகப்பழமா தங்கச்சி? ஒரு துண்டு வெட்டுங்களேன்" என்றார்.