பேய் வருவதற்கு முன்னால் நடந்தது

மரக்காணம் டெண்ட் கொட்டகையில் அந்தப் பேய்ப்படத்தைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். பேய் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையால் என் கண்ணைப் பொத்திவிட்டாள். ஆக, நான் பேயைப் பார்க்கவே இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் காய்ச்சலில் விழுந்தேன். அப்புறம் கொஞ்ச நாள் உப்பளத்துப் பக்கம் போகவும் பயம். உப்புக் குவியல் ஒவ்வொன்றும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு குந்தியிருப்பதுபோலத் தெரியும்.

இத்தனை வருஷம் கழித்து, போன மழைக்காலத்தில்தான் அதை மறுபடியும் பார்த்தேன். உப்பளத்தில் வேலை நின்றுபோய் வீட்டில் சும்மா கிடந்த ஒரு மத்தியானம். "சொல்லிச் சொல்லி என்னைப் பயமுறுத்துவியே, அந்தப் படம் இதானே?" என்று மகள் டிவியில் யூடியூபைப் போட்டாள். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு அவள் எங்களிடம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. நானும் தலையாட்டியிருந்தேன்.

பேயைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. மூஞ்சி நிறைய பவுடரை அப்பிக்கொண்டு, மணிக்கட்டில் ரிஸ்ட் வாட்ச் வேறு. இதற்கா காய்ச்சலில் விழுந்தேன்? மகளும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பிறகு, படத்தில் அந்தப் பெண் எப்படிப் பேயானாள் என்று கதை பின்னால் போனது. கன்னம் வீங்கிய பெண் தாய்வீட்டுக்கு ஓடி வருகிறாள். தாய் சோறு போட்டு, தலை வாரிவிட்டு, அனுசரித்துப் போ என்று வண்டியேற்றி அனுப்பிவிடுகிறாள். இந்தக் காட்சி எனக்கு நினைவே இல்லை. கொட்டகையில் இதற்கு யாரும் யார் கண்ணையும் பொத்தியிருக்க மாட்டார்கள். முறுக்கு வாங்க எழுந்து போயிருப்பார்கள்.

அன்று காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டபடி நானும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

மகள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லம்மா?"

தெரியாமல் என்ன. நான் போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டேன். "தம்பி, இன்னைக்கு வராதீங்க. பொண்ண அனுப்புறதா இல்ல."

"மாமாகிட்ட பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். கடைத்தெருவிலிருந்து திரும்பியதும் வீடு இரண்டுபடும். மகளுக்காவது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வந்து கத்துனா மாத்திப் பேசிடுவியாம்மா?"

மாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை.