வீரபத்திரன் காரும் என் கடை வடையெண்ணெயும்

வீரபத்திரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் கொட்டகலைக் கடைவீதியில் முதலில் அவன் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அப்படி ஒரு வாய். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலை லொறியில் கிளீனராக ஏறி, பிறகு ஒரு துரைக்கு டிரைவராகி, துரை சீமைக்குப் போகும்போது அவருடைய கறுப்பு ஜெர்மன் டீசல் காரையும் வாங்கி வாடகைக்கு ஓட்டியவன் அவன். அப்படிப்பட்டவன் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் செய்வான். கொஞ்சம் என்றால் பரவாயில்லையே! "தொரையே எங்கிட்ட கேட்டுத்தாண்ணே கியர் மாத்துவாரு" என்பான். என் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் வடையைத் தின்றுகொண்டே, என்னிடமே சொல்வான்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. கொழும்பில் ஏதோ வேலைநிறுத்தம் என்றார்கள். எங்கள் பக்கத்துப் பெட்ரோல் செட்டில் மூன்று வாரமாக டீசல் இல்லை. வாடகைக் கார்க்காரர்கள் எல்லோரும் ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்திவிட்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் மட்டும் என் அடுப்படிக்கு வந்து, வடைச்சட்டியை எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பழைய எண்ணெய என்னா பண்றீங்க?"

மூன்றாம் நாள் வடைக்கும் அதைத்தான் ஊற்றுகிறேன் என்று சொல்ல முடியுமா? "கொட்டிருவேன்" என்றேன்.

"கொட்டாதீங்க. டீசல் எஞ்சினுக்கு எண்ணெய்தானே வேணும்? எந்த எண்ணெய்னு அது கேக்கவா போவுது?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அதற்காகவே செய்து காட்டினான், பாவி. என் வடையெண்ணெயைப் பழைய வேட்டியில் இரண்டு தரம் வடிகட்டினான். பற்றாததற்குக் கடைத் தேங்காயெண்ணெய் சேர்த்தான். எங்கள் மலைக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலோடு வெள்ளையாக உறைந்துவிடும். தலைக்குத் தேய்க்கவே அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தான். எண்ணெய் போகும் குழாயைச் சூடான புகைக்குழாயைச் சுற்றிக் கொண்டுபோனான். டாங்கிக்குத் தோட்டத்துக் கம்பளியைப் போர்த்தினான். ஒளித்து வைத்திருந்த டீசலில் ஒவ்வொரு தரமும் ஒரு சொட்டு விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றினான். கார் இருமியது, துப்பியது, பிறகு ஓடியது. சத்தியமாக ஓடியது!

அடேயப்பா, அந்த வாசம்! கார் போன வழியெல்லாம் உளுந்துவடை மணத்தது. லயத்துப் பிள்ளைகள் தட்டோடு வெளியே ஓடி வந்தன. கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் ஊர் நாய் அத்தனையும் பின்னால் ஓடின. தலவாக்கலையில் ஒரு பொலிஸ்காரர் காரை மறித்து, லைசன்ஸைக் கேட்காமல், "வடே கோ?" என்று சிங்களத்தில் வடையைக் கேட்டார். வடை இல்லை என்றதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"மலையில ஒறையாத தேங்காயெண்ணெய் என் ஒருத்தங்கிட்டதாண்ணே இருக்கு" என்று வீரபத்திரன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவன் வாயை யாராலும் மூட முடியவில்லை.

டீசல் இன்னும் வந்தபாடில்லை. அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. சுதந்திரம் வந்ததும் சட்டம் போட்டுத் தோட்டத் தமிழர்களிடம் பறித்துக்கொண்ட பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு ஏழு வருஷம் காத்திருந்த வீரபத்திரனை, தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நுவரெலியா அரசாங்கக் கந்தோருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மனைவி மீனம்மாவும் வர வேண்டும், இந்த ஊரில்தான் இருந்தான் என்று சொல்ல ஒரு சாட்சியும் வர வேண்டும். போகாவிட்டால் மனு தள்ளுபடி. அவ்வளவுதான், கொட்டகலையில் பிறந்தவனைக் கள்ளத்தோணி என்று எழுதி, காணாத இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். எனக்கு முந்தின வருஷமே கிடைத்திருந்தது. அதனால் நான்தான் சாட்சி.

"ரயில்ல போயிருவோம்டா, நானுஓயாவில எறங்கிக்கலாம்" என்று கெஞ்சினேன்.

"சொந்தக் கார வச்சுக்கிட்டு ரயில்லயா? கந்தோர் வாசல்ல கார்லேருந்து எறங்கணும்ணே. நாம யாருன்னு அவுங்களுக்குத் தெரியணும்."

தலையில் அடித்துக்கொண்டு ஏறினேன். மீனம்மா கூறைச்சேலை கட்டி, பிறப்புச் சீட்டு, கல்யாணச் சீட்டு, தோட்டத்துத் துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். பயந்திருந்தாள். எனக்கும் பயம்தான். அவன் மட்டும் பேசிக்கொண்டே ஓட்டினான்.

ரதல்ல ஏற்றத்தில் கார் நின்றது.

"குளிருண்ணே, குழாயில ஒறஞ்சிருச்சு. அஞ்சு நிமிஷம்" என்றான். பக்கத்து லயத்தில் ஒரு குடம் வெந்நீர் வாங்கி வந்து ஊற்றினோம். அசையவில்லை. இன்னொரு குடம். அசையவில்லை. மணி எட்டாகிவிட்டது. வீரபத்திரன் குழாயைக் கழற்றினான். உறைந்த வெள்ளை எண்ணெய் வரும் என்று பார்த்தால், கறுப்புச் சேறு வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். முகம் மாறியது. ஒரு கம்பியை வளைத்து டாங்கிக்குள் விட்டுத் துழாவி, ஏதோ ஒன்றை மெல்ல வெளியே இழுத்தான்.

மஞ்சள் துணி. முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது அடுப்புக்கரி.

நமக்குத் தெரியாததா? எண்ணெய்ப் பலகாரம், பொரித்த மீன், கறி எதை வெளியே கொண்டுபோனாலும் கூட ஒரு கரித்துண்டு வைப்பது நம் பெண்களின் வழக்கம். அந்த வாசத்துக்குப் பேய் பின்னால் வரும், கரி இருந்தால் அண்டாது. இந்தக் காரோ வடை மணக்க மணக்க மலையேறுகிறது. நல்ல காரியத்துக்குப் போகும்போது பேயையும் கூட்டிக்கொண்டா போவது? மீனம்மா டாங்கியிலேயே முடிந்து போட்டுவிட்டாள். கரி நொறுங்கி, எண்ணெயோடு போய், எஞ்சினின் தொண்டை வரைக்கும் அடைத்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏழு வருஷம்! "ஏய் மீனம்மா..." என்று திரும்பினேன். அவள் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வீரபத்திரன் என் கையைப் பிடித்தான். எண்ணெய்க் கை, வழுக்கியது, விடாமல் பிடித்தான்.

"அண்ணே, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். வாயத் தொறக்காதீங்க."

துணியைச் சுருட்டித் தேயிலைக்குள் எறிந்தான். பிறகு அவளிடம் போய், "எண்ணெய் ஒறஞ்சு போச்சு புள்ள. எந்திரி, நடப்போம்" என்றான்.

நடந்தோம். ஒரு மரக்கறி லொறி ஏற்றிக்கொண்டது. முட்டைக்கோசு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மூன்று தரம் பெயர் கூப்பிட்டாயிற்று என்றார் கிளாக்கர். வீரபத்திரன் கெஞ்சினான். அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "பைல் உள்ள போயிருச்சுங்க, நான் என்ன செய்றது?" என்று அந்த மனுஷரும் கையை விரித்தார். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. வராதபடியால் மனு தள்ளுபடி.

சேதி கடைவீதி முழுக்கப் பரவியது. ஒரு காலத்தில் கார் ஓட்டிய சவரக்கடைச் சின்னத்தம்பிக்கு அல்வா கிடைத்த மாதிரி. ஒரு காலை என் கடையில் உட்கார்ந்துகொண்டு, "என்னாப்பா, மலையில ஒறையாத எண்ணெய் உங்கிட்ட மட்டுந்தான் இருக்குன்னே? தேங்காயெண்ணெய் ஒறையும்னு பால்குடிப் புள்ளைக்கும் தெரியுமே!" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. எதிர் பெஞ்சில் வீரபத்திரன் தன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

அவனைத் தேடி வந்த மீனம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். விடுவிடுவென்று உள்ளே வந்தாள்.

"இவரு கூத்துக்கு நாந்தான் காவல்! அந்த வாசத்துக்கு எத்தன பேயி பின்னால வந்திருக்குமோ! நாந்தான் கரிய முடிஞ்சு டாங்கில போட்டேன். இல்லாட்டி அந்த மலையிலேருந்து உசுரோட திரும்பியிருப்போமா?"

சிரிப்பு நின்றது. கார் ஓட்டிய கையாயிற்றே, டாங்கியில் போட்ட கரி என்ன செய்திருக்கும் என்று சின்னத்தம்பிக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் அவன் காலை என் முழுப் பலத்தோடு மிதித்தேன்.

வீரபத்திரன் தன் தேத்தண்ணியை மீனம்மா பக்கம் நகர்த்தினான்.

"ஆமாப்பா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "எண்ணெய் ஒறஞ்சது என் மடத்தனம். இவ கரி போட்டதாலதான் பொழச்சோம்."